வாங்கிய கேம் நம் கையில் இருக்க வேண்டும்: பூட்டில்லாத கேம்களை வாங்கிச் சேர்த்து வைக்கும் முறை

ஒரு கேம் உண்மையிலேயே உங்களுடையதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். வாங்கிய கடையின் லாஞ்சரோ (கேமைத் திறந்துவிடும் கடையின் மென்பொருள்) கணக்கோ இதுவரை தொடாத ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கும் ஃபைலை மட்டும் வைத்து கேமை இன்ஸ்டால் செய்து ஆடிப் பாருங்கள். ஆட முடிந்தால் அது உங்களுடையது. 'லாகின் செய்யவும்' என்று ஒரு பெட்டி வந்து மறித்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது ஆடுவதற்கான அனுமதியை மட்டும்தான். அனுமதி கொடுத்தவர் அதைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம்.

அப்படி நடந்தும் இருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் 2014-ல் வந்தது. தனியாகவே ஆடக்கூடிய பகுதி அதில் ஏராளம். ஆனாலும் எப்போதும் சர்வருடன் பேசிக்கொண்டே இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வர் நிறுத்தப்பட்டது. அன்றோடு கேமும் நின்றது. அடுத்த சில நாள்களில், வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அதன் உரிமமும் எடுக்கப்பட்டது. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் இதே கதிதான். இதையொட்டி ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கான மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, 'இது உரிமம் மட்டுமே' என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது. இதில் ஒரு விலக்கு உண்டு: நெட் இல்லாமலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி டவுன்லோடு செய்ய விட்டால் அந்த எச்சரிக்கை தேவையில்லை. முதல் பத்தியில் சொன்ன சோதனையும் அந்த விலக்கும் ஒரே கோட்டில்தான் நிற்கின்றன. இனி சொல்லப்போவதெல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் வழி.

பூட்டுகள் எத்தனை வகை

வாங்கியவர்தானா என்று பார்த்த பிறகே கேமை ஓடவிடும் ஏற்பாட்டைத்தான் இங்கே பூட்டு என்கிறேன். டி.ஆர்.எம். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், ஆனால் அது ஒரே பூட்டு அல்ல. எந்தப் பூட்டு என்று தெரிந்தால்தான் எது எப்போது உடையும் என்று கணிக்க முடியும்.

முதல் வகை லாஞ்சர் பூட்டு. கேமைத் திறந்தால் முதலில் கடையின் மென்பொருள் திறக்கும். அது 'இவர் வாங்கியவர்தான்' என்று சொன்ன பிறகே கேம் ஓடும். இரண்டாவது ஆக்டிவேஷன் பூட்டு. டெனுவோ போன்றவை இந்த வகை. முதல் முறை ஓட்டும்போது நெட் வழியாக அனுமதி வாங்கும். கம்ப்யூட்டரின் பாகத்தையோ விண்டோஸையோ மாற்றினால் மறுபடியும் கேட்கும். ஒரே நாளில் இத்தனை கம்ப்யூட்டர்தான் என்று எல்லையும் வைத்திருப்பார்கள். 2008-ல் 'ஸ்போர்' கேம் மூன்று ஆக்டிவேஷன் மட்டுமே என்ற கட்டுப்பாட்டுடன் வந்து பெரும் எதிர்ப்பைச் சந்தித்ததும், பிறகு அது ஐந்தாக உயர்ந்ததும் இதே வகைப் பூட்டினால்தான். மூன்றாவது, 'தி க்ரூ' போல எப்போதும் சர்வரோடு கட்டப்பட்ட கேம். இதற்குப் பெரும்பாலும் மாற்றுவழி கிடையாது. சர்வர் போனால் கேமும் போய்விடும்.

நான்காவது பழைய சி.டி. பூட்டு. சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்று பெயர்கள். டிஸ்க் டிரைவில் அசல் டிஸ்க் இருக்கிறதா என்று விண்டோஸின் அடிவரைக்கும் போய்ப் பார்க்கும். அதுவே பாதுகாப்பு ஓட்டையானதால் விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. பழைய விண்டோஸ்களிலும் 2015 செப்டம்பர் அப்டேட் சேஃப்டிஸ்கின் டிரைவர் மென்பொருளை முடக்கிவிட்டது. 2003-ல் முழு விலை கொடுத்து வாங்கிய அசல் சி.டி. இன்று பல வீடுகளில் ஓடாமல் கிடப்பதற்குக் காரணம் சி.டி. கெட்டுப்போனது அல்ல, பூட்டு காலாவதியானது. அதே கேம் பூட்டில்லாத கடையில் இருந்தால், தள்ளுபடிக் காலத்தில் மறுபடி வாங்கிவிடுவதுதான் நேரான வழி.

எங்கே வாங்குவது

முதலில் பார்க்க வேண்டிய இடம் ஜி.ஓ.ஜி. 2008-ல் போலந்தின் சி.டி. ப்ராஜெக்ட் நிறுவனம் தொடங்கிய கடை. பழைய கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி சீர்செய்து விற்பதில் ஆரம்பித்தது. இப்போது 'விட்ச்சர் 3', 'சைபர்பங்க் 2077', 'பால்டர்ஸ் கேட் 3' போன்ற பெரிய கேம்களும் கிடைக்கும். எந்த கேமை வாங்கினாலும், நெட் இல்லாமலே இன்ஸ்டால் செய்ய உதவும் ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தனி ஃபைலாகக் கொடுப்பதுதான் இதன் தனிச்சிறப்பு. வாங்கி 30 நாளுக்குள், டவுன்லோடு செய்து ஆடியிருந்தாலும், கேமில் பிரச்சினை என்றால் பணம் திரும்பக் கேட்கலாம். அந்த 30 நாளைச் சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது இட்ச்.ஐ.ஓ. 2013-ல் தொடங்கியது. தனியாட்களும் சிறு குழுக்களும் செய்த கேம்கள் இங்கே குவிந்திருக்கும். பெரும்பாலும் ஒரு ஜிப் ஃபைல்தான். பிரித்து ஓட்ட வேண்டியதுதான். விலையை வாங்குபவரே தீர்மானிக்கலாம் என்று விட்டவர்களும் உண்டு. அங்கே நியாயமான தொகை கொடுங்கள். அதில் பெரும் பங்கு செய்தவருக்கே போய்ச் சேருகிறது. ஒரு கவனம்: சில பக்கங்களில் ஜிப்புக்குப் பதில், ஸ்டீம் என்ற வேறொரு கடையில் கேமைத் திறக்கும் கீ மட்டும் கிடைக்கும், சில கேம்கள் பிரௌசரில் மட்டுமே ஓடும். பணம் கட்டும் முன் பக்கத்தின் அடியில் டவுன்லோடு ஃபைல்களின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸூம் பிளாட்ஃபார்ம் என்று இன்னொரு கடை இருக்கிறது. சிறியது, பழைய கேம்கள், முழுக்கப் பூட்டில்லாதவை. 2010-ல் தொடங்கிய ஹம்பிள் பண்டில் ஒரு காலத்தில் பூட்டில்லாத கேம்களுக்கே பேர்போனது. இப்போது அங்கே விற்பதில் பெரும்பகுதி ஸ்டீம் கீ. கீ என்பது இன்னொரு கடையில் நுழைய ஒரு சீட்டு. அது கேம் அல்ல.

பணம் கட்டும்போது இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வரும் டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். இது 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. வங்கி ஆப்பில் போய் வெளிநாட்டு, ஆன்லைன் பரிவர்த்தனையைத் திறந்து, கேமின் விலைக்குச் சற்று மேலே வரம்பு வைத்து, வாங்கியதும் மூடிவிடுங்கள். விலை டாலரில் காட்டினால், வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேரும். ரூபே கார்டு பல வெளிநாட்டுக் கடைகளில் செல்லாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் ஒரு ஒத்திகை

பணம் கட்டுவதற்கு முன்பே முழு வேலையையும் ஒருமுறை பழகிவிடலாம். 'பெனீத் எ ஸ்டீல் ஸ்கை' என்று 1994-ல் வந்த ஒரு சாகச கேம். செய்தவர்களே 2003-ல் இலவசமாக்கிவிட்டார்கள். ஜி.ஓ.ஜி.யில் இலவசமாகக் கிடைக்கிறது, அளவும் சிறியது. கீழே உள்ள படிகளை முதலில் இதை வைத்தே செய்து பாருங்கள்.

1. ஜி.ஓ.ஜி. இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, கேமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேலக்ஸி என்ற லாஞ்சரை இன்ஸ்டால் செய்யச் சொல்லும். இப்போது வேண்டாம். அது இல்லாமலும் எல்லாம் நடக்கும், அதுதான் இங்கே விஷயமே.

2. உங்கள் பெயரின்மேல் சொடுக்கி, 'கேம்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். கேமின் படத்தைத் தொட்டால் ஒரு பெட்டி விரியும். மேலே பெரிதாகத் தெரிவது கேலக்ஸி வழி. அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் கீழே வந்தால் ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர் என்ற தலைப்பு இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான். சிஸ்டம், மொழி இரண்டையும் அங்கேயே தேர்ந்தெடுங்கள்.

3. அந்தத் தலைப்பின் கீழ் இருக்கும் எல்லா ஃபைலையும் இறக்குங்கள். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பெரிய கேமின் இன்ஸ்டாலர் ஒரே ஃபைலாக வராது. ஒரு இ.எக்ஸ்.இ. ஃபைல், அதோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட '.bin' ஃபைல்கள். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 4 ஜி.பி. அளவில் வெட்டப்பட்டிருக்கும். பெரிய கேம் என்றால் இருபது, முப்பது துண்டுகள்கூட இருக்கும். இ.எக்ஸ்.இ.யை மட்டும் இறக்கிவிட்டு 'கேம் வந்துவிட்டது' என்று விட்டுவிட்டால், இன்ஸ்டால் செய்யும்போது பாதியில் 'அடுத்த டிஸ்கைப் போடவும்' என்று கேட்டு நிற்கும். கேட்பது டிஸ்கை அல்ல, விட்டுப்போன '.bin' ஃபைலை. எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். ஒரே ஃபைலை இரண்டு முறை இறக்கியதால் பிரௌசர் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் ஒட்டியிருந்தாலும் இன்ஸ்டாலருக்கு அது வேறு ஃபைல்.

4. அதே பெட்டியில் டி.எல்.சி. (கேமுக்கென்று தனியாக வரும் கூடுதல் பகுதி) இருந்தால் அவற்றுக்குத் தனி இன்ஸ்டாலர் இருக்கும். அவற்றையும் அதே நாளில் இறக்குங்கள். கேம் ஒரு வெர்ஷனிலும் டி.எல்.சி. வேறொரு வெர்ஷனிலும் இருந்தால் சேர்ந்து ஓடாமல் தகராறு செய்யும். மேனுவல், வரைபடம், இசை போன்ற இணைப்புகளையும் விட்டுவிடாதீர்கள். 1990-களின் பல கேம்களில் மேனுவல் இல்லாமல் கதையே புரியாது.

5. இறக்கிய ஒவ்வொரு ஃபைலின் அளவையும் இணையப் பக்கத்தில் காட்டும் அளவோடு ஒப்பிடுங்கள். நெட் விட்டுவிட்டு வந்தால் பிரௌசர் சில சமயம் அரைகுறை ஃபைலை முழு ஃபைலாகவே காட்டிவிடும். 4 ஜி.பி. இருக்க வேண்டியது 2.7 ஜி.பி.யில் நின்றிருந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். ஒரே நேரத்தில் முப்பது துண்டுகளையும் கிளப்பாமல் இரண்டு மூன்றாக இறக்கினால் இந்தத் தொல்லை குறையும்.

6. இப்போது சோதனை. நெட்டைத் துண்டித்துவிட்டு, இ.எக்ஸ்.இ.யைத் திறந்து இன்ஸ்டால் செய்யுங்கள். கேமை ஆரம்பித்து ஒரு கால்மணி நேரமாவது ஆடுங்கள். சேவ் செய்யுங்கள். வெளியே வந்து, மறுபடி திறந்து, அந்த சேவ் ஃபைலை லோடு செய்யுங்கள். டி.எல்.சி. வாங்கியிருந்தால் அது மெனுவில் தெரிகிறதா என்று பாருங்கள். தலைப்புத் திரை வந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சேவ் செய்யும் இடத்திலோ இரண்டாவது கட்டத்திலோதான் சில கேம்கள் சர்வரைத் தேடும்.

வேறு கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால், கேலக்ஸியையும் ஸ்டீமையும் முழுக்க மூடிவிட்டு, விண்டோஸில் ஒரு புதிய யூசரை உருவாக்கி அதில் செய்யுங்கள். முழுமையான சோதனை அல்ல, ஆனாலும் பெரும்பாலான பூட்டுகள் இதிலேயே தெரிந்துவிடும்.

சோதனையில் கேம் திறக்காவிட்டால் உடனே கடையின்மேல் பழிபோட வேண்டாம். பல சமயம் காணாமல் போயிருப்பது, கேம் ஓடத் தேவையான துணை ஃபைல்கள்தான்: விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம், அல்லது பழைய டைரக்ட்எக்ஸ் 9-இன் டி.எல்.எல். ஃபைல். விண்டோஸோடு வரும் டைரக்ட்எக்ஸில் அந்தப் பழைய ஃபைல்கள் கிடையாது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் 2010 ஜூன் தேதியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பு கிடைக்கும். அதையும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம்களின் 32 பிட், 64 பிட் இரண்டு வகைகளையும் ஒருமுறை இறக்கி, கேம்களோடு அதே டிஸ்கில் போட்டுவையுங்கள். டாட் நெட் 3.5 என்ற விண்டோஸின் துணைப் பகுதியைக் கேட்கும் கேம்களும் உண்டு. விண்டோஸ் அதை நெட்டிலிருந்துதான் எடுக்கப் பார்க்கும், ஆகவே அதை முன்கூட்டியே இயக்கிவிடுவது நல்லது. கேம் உங்களிடம் முழுதாக இருந்தும், அது சாய்ந்து நிற்கும் சின்னக் கழி இல்லாததால் ஓடாமல் போவது பரிதாபம்.

ஸ்டீமில் ஏற்கெனவே வாங்கிக் குவித்தவர்களுக்கு

பலரும் நினைப்பதுபோல ஸ்டீமில் எல்லா கேமும் பூட்டப்பட்டவை அல்ல. அங்கே பூட்டுப் போடுவதும் போடாததும் கேம் செய்தவரின் விருப்பம். இறக்கிய ஃபோல்டரிலிருந்து ஸ்டீம் இல்லாமலே நேராக ஓடும் கேம்கள் நிறைய இருக்கின்றன. பிசி கேமிங் விக்கி என்ற தளத்தில் கேமின் பெயரைத் தேடினால், எந்தக் கடையில் வாங்கினால் எந்தப் பூட்டு என்று ஒரு பட்டியலே கிடைக்கும். ஸ்டீமில் பூட்டில்லாத கேம்களுக்கென்று தனிப் பட்டியலும் அங்கே உண்டு. ஸ்டீம் கடைப் பக்கத்தில் வலது ஓரத்தில், மூன்றாம் தரப்பு டி.ஆர்.எம். இருந்தால் மஞ்சள் பெட்டியில் எழுதியிருப்பார்கள். டெனுவோ என்ற பெயரோ, ஒரு நாளைக்கு இத்தனை கம்ப்யூட்டர் என்ற வரம்போ, வேறொரு கணக்குத் தேவை என்ற வரியோ அங்கே கண்ணில் பட்டால், சேர்த்து வைக்கும் நோக்கத்தில் அதை வாங்காதீர்கள்.

சோதிக்கும் முறை: கேமை இன்ஸ்டால் செய்து, ஸ்டீமை முழுக்க மூடிவிட்டு, 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'காமன்' ஃபோல்டரிலிருந்து கேமின் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்கில் நகலெடுங்கள். ஸ்டீம் இல்லாத கம்ப்யூட்டரில், நெட் இல்லாமல், அதிலிருக்கும் இ.எக்ஸ்.இ.யைத் திறங்கள். ஓடினால் அந்த ஃபோல்டரை செவன் ஜிப் என்ற மென்பொருளால் சுருக்கிச் சேமித்துக்கொள்ளலாம். அதே 'காமன்' ஃபோல்டரில் 'ஸ்டீம்வொர்க்ஸ் ஷேர்டு' என்று ஒன்று இருக்கும். மேலே சொன்ன ரன்டைம்கள் அதற்குள்ளேயே கிடக்கும், அதையும் எடுத்துவையுங்கள். பணம் திரும்பப் பெறும் வாய்ப்பு வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால்தான். எனவே வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள்.

இரண்டு ஏமாற்றங்களை இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்டீமின் மெனுவில் 'கேம் ஃபைல்களை பேக்கப் செய்' என்று ஒரு வசதி இருக்கிறது. அந்த பேக்கப்பைத் திரும்ப விரிக்க ஸ்டீமே வேண்டும், உங்கள் கணக்கும் வேண்டும். டவுன்லோடு நேரத்தை மிச்சப்படுத்த அது உதவும், அவ்வளவுதான். ஆஃப்லைன் மோடும் அப்படித்தான். நெட் இல்லாத பயணத்துக்குப் போதும், பத்து வருஷத்துக்குப் பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்ட உதவாது.

பூட்டில்லை என்று சொல்லும் இடத்திலும் கண்ணைத் திறந்து வையுங்கள்

ஜி.ஓ.ஜி.யிலும் ஆன்லைன் மல்டிபிளேயருக்குப் பல கேம்கள் கேலக்ஸியைக் கேட்கும். நண்பர்களோடு ஆடுவதற்காகவே ஒரு கேமை வாங்குகிறீர்கள் என்றால், அதில் ஒரே வீட்டுக் கம்ப்யூட்டர்களை இணைத்து ஆடும் லேன் வசதியோ நேரடி ஐ.பி. இணைப்போ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வீட்டு ரூட்டரே போதும், வேறு எவருடைய சர்வரும் தேவையில்லை.

2021-ல் 'ஹிட்மேன்' கேம் அங்கே விற்பனைக்கு வந்தபோது, அதன் முக்கியமான பகுதிகள் நெட் இருந்தால் மட்டுமே திறந்தன. வாங்கியவர்கள் விமர்சனப் பகுதியில் விடாமல் எழுதினார்கள். சில வாரங்களில் கேம் கடையிலிருந்தே எடுக்கப்பட்டது. இதில் இரண்டு பாடம் உண்டு. கடையின் பெயரை நம்பி சோதனையை விட்டுவிடக் கூடாது. சோதித்துக் கண்டதை அந்தக் கேமின் விமர்சனத்தில் எழுதினால் அதற்குப் பலன் இருக்கிறது.

சட்டப்படி பார்த்தால், இங்கே வாங்குவதும் உரிமம்தான். ஃபைல் உங்கள் கையில் இருப்பதால் யாராலும் பிடுங்க முடியாது என்பதே வேறுபாடு. அதை நகலெடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்கும் உரிமை இதில் வராது. பூட்டில்லாமல் விற்பவர் வாங்குபவரை நம்பித்தான் விற்கிறார். ஒரு கேமின் இன்ஸ்டாலரை டெலிகிராம் குழுவில் போடுபவர், அடுத்த கேமைப் பூட்டுப் போட்டு விற்கும்படி அந்த நிறுவனத்துக்குக் காரணம் கொடுக்கிறார்.

எதில், எப்படிச் சேமிப்பது

2 டி.பி. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஆரம்பியுங்கள். 'ஸ்டார்டியூ வேலி' போன்ற கேம் ஒரு ஜி.பி. அளவுதான், 'விட்ச்சர் 3' சுமார் 50 ஜி.பி. கேட்கும், 'பால்டர்ஸ் கேட் 3' 150 ஜி.பி. கேட்கும். சிறிய, பழைய கேம்களாகச் சேர்ப்பவருக்கு 2 டி.பி. பல வருஷம் தாங்கும். வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்கப்போகும் நகலுக்குச் சுழலும் ஹார்டு டிஸ்கே நல்லது. எஸ்.எஸ்.டி.யும் பென் டிரைவும் மின்சாரம் படாமல் நீண்ட காலம் கிடந்தால் அவற்றில் தேங்கிய மின்னூட்டம் கசிந்து தகவல் கெடலாம். அவை ஆடுவதற்கு, சேமித்து வைக்க அல்ல.

டிஸ்கை எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய பென் டிரைவுகள் ஃபேட் 32-இல் இருக்கும். அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. இன்ஸ்டாலர்கள் துண்டு துண்டாக வருவதற்கும் இந்த எல்லை பொருந்திவருகிறது. ஆனால் நீங்களே சுருக்கிய ஸ்டீம் ஃபோல்டரோ இட்ச் ஜிப்போ இந்த எல்லையில் முட்டிக்கொள்ளும்.

ஒரே நகல் என்பது நகலே இல்லாததற்குச் சமம். இரண்டாவது டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து, முடிந்தால் அதை வேறு வீட்டில், அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ, வைத்துவிடுங்கள். இரண்டு டிஸ்கும் ஒரே மேஜையில் இருந்தால் ஒரே இடி, ஒரே திருட்டு இரண்டையும் கொண்டுபோகும்.

ஒவ்வொரு கேமுக்கும் ஒரு ஃபோல்டர். பெயரில் கேம், கடை, வெர்ஷன், இறக்கிய தேதி. உள்ளே இன்ஸ்டாலர், டி.எல்.சி., இணைப்புகள், ரசீதின் பி.டி.எஃப்., அத்துடன் ஒரு நோட்பேட் ஃபைல். எந்த விண்டோஸில் ஓடியது, எந்த ரன்டைம் தேவைப்பட்டது, எந்த வரிசையில் இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்று அதில் நாலு வரி எழுதிவையுங்கள்.

பிறகு, ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று பின்னால் சரிபார்க்க ஒரு கைரேகை எடுக்க வேண்டும். ஃபோல்டரின்மேல் ரைட் க்ளிக் செய்தால் செவன் ஜிப்பின் செக்சம் மெனு வரும். விண்டோஸ் 11 என்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' போக வேண்டும். அதில் ஷா 256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஃபைலாகச் சேமிக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சின்ன ஃபைல் உருவாகும். பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்தச் சின்ன ஃபைலை செவன் ஜிப்பில் 'டெஸ்ட்' செய்தால், உள்ளே ஒரு பிட் மாறியிருந்தாலும் சொல்லிவிடும். கைரேகையை இன்ஸ்டால் சோதனை முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். முன்பே கெட்டுப்போன ஃபைலுக்குக் கைரேகை எடுத்தால் அந்தக் கேட்டைத்தான் அது காவல் காக்கும்.

புது வெர்ஷன் வரும்போது பழையதை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். 2008-ல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4'-இல், பாடல்களுக்கான பத்தாண்டு உரிமம் முடிந்ததும் 2018-ல் வந்த அப்டேட் பல பாடல்களை நீக்கியது. காரில் ஏறி வானொலியைப் போட்டால் பழைய நகரமே மாறிப்போயிருந்தது. பழைய இன்ஸ்டாலர் கையில் இருந்தால் இந்தக் கவலை இல்லை. கடைசி இரண்டு வெர்ஷன்களையாவது வைத்திருங்கள். கடையின் பக்கத்தில் பெரும்பாலும் புதிய இன்ஸ்டாலர் ஒன்றுதான் நிற்கும். லாஞ்சருக்கு அப்டேட் வந்து சில நாள் கழித்தே ஆஃப்லைன் இன்ஸ்டாலர் வருவதும் உண்டு, ஆகவே வெர்ஷன் எண்ணைப் பார்த்து இறக்குங்கள்.

சேவ் ஃபைல் தனிக் கதை. அவை பெரும்பாலும் கேம் ஃபோல்டரில் இருக்காது. 'டாக்குமென்ட்ஸ்', 'சேவ்டு கேம்ஸ்', மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா' என்று சிதறிக்கிடக்கும். கடைகளின் கிளவுடை நம்பி விட்டவர்கள் உண்டு, ஜி.ஓ.ஜி. 2024-ல் ஒரு கேமுக்கு 200 எம்.பி. என்று எல்லை வைத்து, மிகுதியை நீக்கியது. லுடுசாவி என்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எல்லா இடத்திலும் தேடி சேவ்களை ஒரே ஃபோல்டரில் எடுத்துத் தரும். மாதம் ஒருமுறை ஓட்டினால் போதும்.

லினக்ஸும் மேக்கும்

லினக்ஸில் இருப்பவர்களுக்கு ஜி.ஓ.ஜி. சில கேம்களுக்கு நேரடி இன்ஸ்டாலரே கொடுக்கிறது. இல்லாதபோது விண்டோஸ் இன்ஸ்டாலரை இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற கருவியால் பிரித்து, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் மூலம் ஓட்டலாம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸும், பழைய சாகச கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம்மும் எந்த சிஸ்டத்திலும் வேலை செய்யும். அதனாலேயே நீண்ட காலம் வாழப்போகிறவை அந்தப் பழைய கேம்கள்தான். மேக்கில் 2019-இன் கேட்டலினா வெர்ஷனிலிருந்து 32 பிட் கேம்கள் ஓடுவதில்லை. மேக் வைத்திருந்தாலும் விண்டோஸ் இன்ஸ்டாலரையும் சேர்த்து இறக்கிவையுங்கள், கூடுதல் செலவில்லை.

கன்சோல் டிஸ்கும் கேட்ரிட்ஜும்

டிஸ்க் கையில் இருந்தால் கேம் கையில் இருக்கிறது என்பது பிளேஸ்டேஷன் 2 காலத்துக்குச் சரி. இன்று சில டிஸ்குகளில் பாதி கேம் மட்டும் இருக்கும், மீதி நெட்டிலிருந்து வரும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் 'கேம் கீ கார்டு' என்று ஒரு வகை 2025-ல் வந்திருக்கிறது. கேட்ரிட்ஜுக்குள் கேம் இல்லை, டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டுமே. அட்டையின் முன்பக்க அடியில் சாவிப் படத்தோடு அதை எழுதியிருப்பார்கள். முதல் ஸ்விட்சின் அட்டைகளிலும் டவுன்லோடு தேவை என்ற பட்டை உண்டு. நெட் இல்லாமல் டிஸ்கிலிருந்தே முழு கேமும் ஓடுமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியலிடும் 'டஸ் இட் ப்ளே' என்ற தளம் இருக்கிறது. பழைய டிஸ்க் வாங்கும் முன் அங்கே பாருங்கள். கன்சோலின் டிஜிட்டல் கடைகளைப் பொறுத்தவரை, நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச்சிலும் எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையிலும் விற்பனையை மூடிவிட்டன. கன்சோலுக்கென்று மட்டும் டிஜிட்டலாக வந்து வேறெங்கும் வராத கேமை இனி நேர்வழியில் வாங்க முடியாது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. ஆகவே ஒரே கேம் கன்சோலிலும் ஜி.ஓ.ஜி.யிலும் கிடைத்தால், சேர்த்து வைக்க நினைப்பவர் ஜி.ஓ.ஜி. பிரதியை எடுப்பதே மேல்.

வருஷத்துக்கு ஒருநாள்

பொங்கல் விடுமுறையோ பள்ளி விடுமுறையோ, ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு டிஸ்கையும் எடுத்து மின்சாரம் கொடுத்து, கைரேகை ஃபைல்களை ஒவ்வொன்றாக டெஸ்ட் செய்யுங்கள். ஒரு டிஸ்கில் ஒரு ஃபைல் தவறினால் மற்றதிலிருந்து நகலெடுங்கள். ஒரே டிஸ்கில் இரண்டு மூன்று ஃபைல் தவறினால் டிஸ்கையே மாற்றுங்கள். பிறகு ஏதாவது மூன்று கேமை எடுத்து, நெட்டைத் துண்டித்து இன்ஸ்டால் செய்து பாருங்கள். விண்டோஸ் மாறியிருந்து ஒன்று ஓடாமல் போனால், ஜி.ஓ.ஜி.யில் அதன் புதிய இன்ஸ்டாலர் வந்திருக்கிறதா என்று அன்றே தேடி இறக்குங்கள். என்ன செய்து ஓடவைத்தீர்கள் என்பதை அந்த நோட்பேட் ஃபைலில் தேதியோடு எழுதிவிட்டு, டிஸ்கைக் கழற்றித் துணிப்பையில் சுற்றி, வந்த இடத்திலேயே வையுங்கள்.